ஒரு நாற்றைக் கவனித்தவர்கள்

(தோட்டக்கலை ஆர்வலர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜெரேனியம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்கு ஊட்டி ஞாபகம் வந்திருக்கும். வீட்டு வாசல்களில், ஜன்னல் ஓரங்களில், மே மாத மலர்க் கண்காட்சியில், தொட்டி தொட்டியாகச் சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கொத்துப் பூ. இலையைக் கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். மீதிப் பேருக்கு ஜெரேனியம் எண்ணெய் நினைவுக்கு வரலாம். ஏற்காட்டில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. பிறகு நீலகிரிக்கும் பழனி மலைக்கும் போனது. கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையம் அதில் கே.கே.எல். 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. இலையைக் காய்ச்சி வடித்தால் ரோஜா வாசம்.

இந்த இரண்டுமே நான் பேசப்போகும் செடி இல்லை. இரண்டும் பெலர்கோனியம் என்ற இனத்தைச் சேர்ந்தவை. பூர்வீகம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா. 1753இல் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்தபோது இவற்றையும் ஜெரேனியம் என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டுவிட்டார். 1789இல் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வந்து, இது வேறு அது வேறு என்று பிரித்துக்கொடுத்தார். படித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நர்சரிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 230 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊட்டித் தொட்டியில் இருப்பதற்கு ஜெரேனியம் என்றுதான் சீட்டு எழுதி வைக்கிறார்கள். இனி மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பூவை நேருக்கு நேர் பாருங்கள். ஐந்து இதழும் ஒரே அளவாக, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் அது ஜெரேனியம். மேலே இரண்டு இதழ் ஒரு தினுசாகவும் கீழே மூன்று இதழ் வேறு தினுசாகவும் இருந்தால் பெலர்கோனியம். அதன் பூக்காம்பை நகத்தால் கீறினால் உள்ளே ஒரு தேன்குழல் ஓடுவதும் தெரியும். இன்னொரு பெரிய வித்தியாசம் குளிர்காலத்தில் தெரியும். ஐரோப்பாவில் உறைபனி விழுந்தால் தொட்டிப் பெலர்கோனியம் செத்துப்போகும். வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும். தோட்டத்து ஜெரேனியத்தை யாரும் எடுத்து வைப்பதில்லை. மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் கருகிப்போகும். அடியிலே வேர்க்கட்டை உயிரோடு கிடக்கும். மைனஸ் 20 டிகிரியைத் தாங்கும் வகைகள்கூட உண்டு. வசந்தத்தில் அதே இடத்தில் மறுபடியும் துளிர்விடும். பத்து வருஷம், இருபது வருஷம் இப்படியே போகும்.

உலகத்தில் ஜெரேனிய இனத்தில் நானூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அத்தனையையும் அடுக்குவதற்கு நான் வரவில்லை. ஒரே ஒரு செடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதன் பெயர் ரோசான். நீலப்பூ, வெள்ளை நடு, ஊதா நரம்பு. இங்கிலாந்தில் ஜூன் மாதம் பூக்க ஆரம்பித்தால் உறைபனி வரும்வரை நிறுத்தாது. இதை எந்த ஆய்வுக்கூடமும் உருவாக்கவில்லை. திட்டம் போட்டு யாரும் ஒட்டுச் சேர்க்கவும் இல்லை. கண்ணில் பட்டதைக் கவனித்த சில மனிதர்களால் மட்டுமே இது நம்மிடம் இருக்கிறது. என் பேச்சு அந்த மனிதர்களைப் பற்றியதுதான்.

முதல் ஆள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கிறிஸ்டியன் கோன்ராட் ஸ்ப்ரெங்கெல் என்று பெயர். பெர்லினுக்குப் பக்கத்தில் ஸ்பாண்டாவ் என்ற ஊரில் தலைமை ஆசிரியர். 1787ஆம் வருஷக் கோடையில் காட்டு ஜெரேனியத்தின் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதழின் அடிப்பாகத்தில், உட்புறமும் இரண்டு ஓரங்களிலும், மெல்லிய ரோமங்கள் இருப்பது தெரிந்தது. நம்மில் யாராவது பார்த்திருந்தால், சரி, ரோமம் என்று விட்டிருப்போம். படைத்தவன் ஒரு ரோமத்தைக்கூடக் காரணமில்லாமல் வைத்திருக்கமாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. இது எதற்கு என்று கேட்டார். அந்த ரோமங்களுக்குக் கீழே தேன்துளி இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் இதழ் வழியாக வழிந்து வந்து ரோமத்தில் தங்கிவிடும், தேனில் கலக்காது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்காமல் புருவம் தடுக்கிற மாதிரி என்று அவரே விளக்கியிருக்கிறார்.

அடுத்த கேள்விதான் முக்கியம். மழையிடமிருந்து காப்பாற்றுகிற அளவுக்கு இந்தத் தேன் யாருக்காக? பூச்சிகளுக்காக. பூச்சி எதற்கு வருகிறது? தேன் குடிக்க. குடிக்கிறபோது என்ன செய்கிறது? மகரந்தத்தைச் சுமந்து போகிறது. ஒரு ரோமத்தில் ஆரம்பித்த இந்தக் கேள்விச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் வயல், தோப்பு என்று அலைந்து 461 வகைப் பூக்களைப் பார்த்து எழுதினார். 1793இல் புத்தகம் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கவிஞர் கதே போன்றவர்களுக்கே அது பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் அவர் பள்ளிக்கூட வேலையும் போயிற்று. மீதிக் காலத்தைப் பெர்லினில் பாடம் சொல்லிக் கொடுத்தே கழித்து, 1816இல் காலமானார். 1841இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் சொல்லி, டார்வின் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்தார். பூவும் பூச்சியும் பற்றிய இன்றைய படிப்பு பெருமளவு அதிலிருந்து கிளைத்ததுதான். அந்த வாத்தியார் உயிரோடு இருக்கும்போது அதில் ஒரு பைசா மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்ப்ரெங்கெல் கையில் இருந்த அதே பூவை நாமும் கொஞ்சம் பார்ப்போம். கைக்கண்ணாடி இருந்தால் நல்லது. பூ விரிந்த முதல் நாள் நடுவில் பத்து மகரந்தத் தாள்கள் நிற்கும். இரண்டு வட்டமாக, வட்டத்துக்கு ஐந்து. அவை வெடித்து மகரந்தம் கொட்டும்போது, நடுவில் இருக்கும் சூல்முடி வாயைத் திறக்காமல் குவிந்து மூடியிருக்கும். மகரந்தமெல்லாம் போய்ப் பைகள் உதிர்ந்த பிறகுதான் சூல்முடி ஐந்து கிளையாக விரியும். ஒரே பூ, முதலில் ஆண், பிறகு பெண். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. வேறொரு பூவிலிருந்து, சமயத்தில் வேறொரு வகைச் செடியிலிருந்துகூட, தேனீ கொண்டுவருவதை அது வாங்கிக்கொள்ளும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் திரும்பப்போகிறது.

சூல் பிடித்ததும் நடுத்தண்டு கூராக நீண்டு, நாரையின் அலகு மாதிரி ஆகிறது. இங்கிலாந்துக் கிராமத்து ஜனங்கள் செடிக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அலகின் அடியில் ஐந்து அறை, அறைக்கு ஒரு விதை. ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு மெல்லிய பட்டை அலகின் நுனிவரை ஒட்டிக்கொண்டு போகும். வெயிலில் காயக் காயப் பட்டையின் வெளிப்பக்கம் அதிகமாகச் சுருங்கும், உட்பக்கம் குறைவாகச் சுருங்கும். இழுவிசை ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் அடிப்பக்கம் பிய்த்துக்கொண்டு, பட்டை மேல்நோக்கிச் சுருண்டு, விதையை வீசி எறியும். ஓரிரு மீட்டர் தள்ளிப் போய் விழும். காய்ந்த மத்தியானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விதை தெறிக்கும் சத்தம் கேட்கும். எங்கெங்கோ எதிர்பாராத மூலையில் ஜெரேனிய நாற்று முளைக்கிறதென்றால் காரணம் இதுதான்.

இப்போது இமயமலைக்குப் போவோம். பத்ரிநாத் யாத்திரை போனவர்கள் இங்கே இருப்பீர்கள். வழியில் கோவிந்த்காட் என்ற இடத்தைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறினால் மலர்ப் பள்ளத்தாக்கு வரும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே தரையோடு படர்ந்து நீலமும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும் ஒரு செடிக்கு ஜெரேனியம் வாலிச்சியானம் என்று பெயர். நத்தானியல் வாலிச் என்ற டேனிஷ் மருத்துவரின் பெயர் அது. நம்முடைய தரங்கம்பாடியை வைத்திருந்த அதே டேனியர்களுக்கு வங்காளத்தில் செராம்பூர் என்று இன்னொரு ஊர் இருந்தது. வாலிச் அங்கே 1807இல் மருத்துவராக வந்தார். மறு வருஷம் ஆங்கிலேயர் செராம்பூரைப் பிடித்தபோது அவரும் கைதியானார். அப்படிக் கைதியானவர் பிற்பாடு கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராகி, அந்தப் பதவியில் ஏறக்குறைய முப்பது வருஷம் இருந்தார். விதை விதையாக, பெட்டி பெட்டியாக இமயமலைச் செடிகளை லண்டனுக்கு அனுப்பியவர் அவர்.

அந்த வாலிச்சியானம் பிரிட்டிஷ் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல செடிதான், ஆனால் நிறம் ஒரே மாதிரி வராது. பெரும்பாலும் மங்கலான ஊதா. 1920 வாக்கில் வடக்கு வேல்ஸில் பெட்டூஸ்-ஈ-கோய்ட் என்ற ஊரில் ஈ.சி. பக்ஸ்டன் என்பவரின் தோட்டத்தில் ஒரு செடி மட்டும் தெளிந்த நீலமாக, நடுவில் பெரிய வெள்ளை வட்டத்தோடு பூத்தது. அவர் அதைத் தனியாக எடுத்துக் காப்பாற்றி நண்பர்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் பக்ஸ்டன் வகை என்றே அதற்குப் பெயர். ரோசானைவிட எனக்குப் பிடித்தது அதுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூ சிறியது, காலமும் குறைவு, ஆனால் அந்த வெள்ளை வட்டத்தின் அழகு வேறு எதற்கும் வராது.

இமயமலையிலிருந்து போன இன்னொரு செடி ஜெரேனியம் ஹிமாலயென்சி. தரைக்கடியில் வேர்த்தண்டு விட்டுப் பரவும். பூ பெரியது, நல்ல நீலம். ஆனால் கோடையின் தொடக்கத்தில் கொட்டிப் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். பக்ஸ்டன் வகையோ ஜூலை வாக்கில்தான் ஆரம்பிக்கும், இலையுதிர்காலம்வரை பூக்கும். ஒன்று ஓய்கிற சமயம் மற்றது தொடங்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இந்த வகைச் செடிகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. காரணம் ரசனை மட்டுமில்லை, கூலி. பெரிய வீடுகளில் அதுவரை இருந்த தோட்டக்காரர் பட்டாளம் கலைந்துபோயிற்று. ஒவ்வொரு பருவத்துக்கும் நாற்று மாற்றி மாற்றி நட ஆள் இல்லை. நட்டால் கிடந்து, தரையை மூடி, களையை அடக்கி, வருஷா வருஷம் தானே பூக்கிற செடி வேண்டியிருந்தது. சோமர்செட் மாவட்டத்தில் ஈஸ்ட் லாம்புரூக் என்ற பழைய பண்ணை வீட்டில் தோட்டம் போட்டு அதைப் பற்றியே புத்தகங்கள் எழுதிய மார்ஜரி ஃபிஷ் என்ற அம்மாள் ஜெரேனியத்தை ஊர் ஊராகப் பரப்பினார். கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் பீட்டர் யோ என்ற அறிஞர் உட்கார்ந்து ஒவ்வொரு வகையையும் ஆராய்ந்து 1985இல் முழுப் புத்தகம் போட்டார். ஜெரேனியம் சேகரிப்பது ஒரு பைத்தியமாகவே ஆயிற்று.

அதே சோமர்செட்டில், கடற்கரையை ஒட்டிய கில்வ் என்ற கிராமத்தில், டொனால்ட் வாட்டரர், ரோசான் வாட்டரர் என்ற தம்பதியும் ஜெரேனியம் வளர்த்தார்கள். பக்ஸ்டன் வகையும் ஹிமாலயென்சியும் அவர்கள் தோட்டத்தில் இருந்தன. 1989இல் ஒரு நாற்று மற்றவற்றைப் போல இல்லாததை அவர்கள் கவனித்தார்கள். வேகம் அதிகம், பூ பெரிசு, பூப்பது நிற்கவே இல்லை. இரண்டு தாய்ச் செடிகளுக்கு நடுவில் ஒரு தேனீ செய்த காரியம். ஹிமாலயென்சியின் பூ அளவும், பக்ஸ்டன் வகையின் வெள்ளை நடுவும் நீண்ட பூக்காலமும் ஒரே செடியில் சேர்ந்துவிட்டன.

அதில் ஒரு குறையும் இருந்தது. அந்தக் குறைதான் அதன் பெருமை. அந்தக் கலப்பினம் மலடு. விதை பிடிக்காது. சாதாரணச் செடி விதை பிடித்ததும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், வந்த வேலை முடிந்தது என்று அடங்கிவிடும். ரோசானுக்கு வேலை முடிவதே இல்லை. அது பூத்துக்கொண்டே இருக்கிறது. தேனீக்களுக்குத் தேன் கிடைக்கிறது, மனிதர்களுக்குப் பூ கிடைக்கிறது, செடிக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. மனிதன் துண்டு எடுத்துப் பெருக்கினால்தான் அதற்கு வம்சம்.

களை பிடுங்கும்போது இதே போன்ற நாற்றுகள் எத்தனை தோட்டங்களில் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பக்ஸ்டன் வகையையும் ஹிமாலயென்சியையும் சேர்த்து வைத்திருந்த தோட்டம் பிரிட்டனில் அது ஒன்றுதானா? இருக்க முடியாது. பூ வரும்வரை பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது.

வியாபாரக் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். வாட்டரர் தம்பதி செடியை நார்ஃபோக் மாவட்டத்திலுள்ள புளூம்ஸ் ஆஃப் பிரெசிங்கம் என்ற பெரிய நர்சரிக்குக் கொடுத்தார்கள். பல வருஷம் சோதித்துப் பார்த்து, பெருக்கி, 2000ஆம் வருஷம் லண்டனின் செல்சி மலர்க் காட்சியில் வெளியிட்டார்கள். அந்த அம்மாளின் பெயரே செடிக்கு. பதிவேட்டில் மட்டும் கெர்வாட் என்று ஒரு பெயர். ஜெரேனியத்தில் பாதி, வாட்டரரில் பாதி. காப்புரிமையும் வாங்கினார்கள். அதே காலத்தில் நெதர்லாந்தில் ஜாலி பீ என்று இன்னொரு நீல ஜெரேனியம் விற்பனைக்கு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. உரிமைச் சண்டை வந்து, கடைசியில் ரோசான் என்ற ஒரே பெயரில் விற்பது என்று முடிந்தது. இயற்கை இலவசமாகக் கொடுத்த கலப்புக்கு மனிதர்கள் உரிமைப் பத்திரம் வைத்துச் சண்டை போட்டதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு உண்டு. ஆனால் பல வருஷம் சோதித்துப் பெருக்கிய செலவுக்கு யாராவது பணம் கொடுக்கத்தானே வேண்டும் என்றும் தோன்றுகிறது.

பட்டங்களும் வந்தன. 2008இல் அமெரிக்கப் பல்லாண்டுச் செடிகள் சங்கம் அந்த ஆண்டின் செடியாக அதைத் தேர்ந்தெடுத்தது. 2013இல் செல்சி காட்சிக்கு நூறு வயது. பத்தாண்டுக்கு ஒன்றாகப் பத்துச் செடிகளை நிறுத்தி, நூற்றாண்டின் செடி எது என்று ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். ஐஸ்பெர்க் ரோஜா நின்றது, ரசல் லூபின் நின்றது. ஜெயித்தது ரோசான். எனக்கு இந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம் இல்லை. லூபினில் எத்தனை நிறம், எத்தனை உயரம்! ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் அழகுக்கு ஓட்டுப் போடவில்லை. ஏமாற்றாத செடிக்குப் போட்டார்கள். அது நியாயம்தான். இன்றைக்கு எந்த ஆங்கிலத் தோட்டத்துக்குப் போனாலும் ஓரத்தில் அதே நீலம். கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இதை நடச் சொல்ல நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெயில் அல்லது அரை நிழல், தண்ணீர் தேங்காத மண். தண்டுகள் ஆளைத் தேடிப் போகிற மாதிரி நாலு பக்கமும் ஓடும். ரோஜாவுக்கு அடியில் விட்டால் ரோஜாவின் மொட்டைக் காலை மறைத்துவிடும். ஜூலையில் கலைந்து தெரிந்தால் தயங்காமல் கத்தரியுங்கள், திரும்பவும் தழைக்கும். குளிர்காலத்தில் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். நிறமும் குளிரைப் பொறுத்தது; சூடு கூடினால் நீலம் குறைந்து ஊதா ஏறும். ஆகவே சென்னையிலும் மதுரையிலும் ஆசைப்பட வேண்டாம். இரவு குளிராத ஊரில் இது பிழைக்காது.

அப்படியானால் நமக்கு ஜெரேனியமே இல்லையா? இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும், கடலுக்கு அப்பால் நுவரெலியாவிலும், புல்தரையில், ஓடைக்கரையில், சாலை ஓரத்தில் ஜெரேனியம் நேபாலென்சி என்ற செடி தானாகவே வளர்கிறது. தரையோடு படரும் மெல்லிய தண்டு, கையை விரித்த மாதிரி பிளவுபட்ட இலை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளிர் இளஞ்சிவப்புப் பூ. பூ உதிர்ந்தால் அதே கூரான அலகு. ஊட்டித் தொட்டியில் இருப்பது ஜெரேனியம் இல்லை. தொட்டிக்கு வெளியே காலில் மிதிபடுவதுதான் ஜெரேனியம். ஜப்பானில் இதற்கு மிக நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் இதன் உள்வகையாகவே அதை வைத்திருந்தார்கள். அங்கே வயிற்றுப்போக்குக்கு வீட்டு வைத்தியம் அது. 1970களில் ஒகாயாமா பல்கலைக்கழகத்தில் தக்குவோ ஒகுடா என்ற அறிஞர் அதிலிருந்து ஜெரானின் என்ற துவர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் பறித்துக் கஷாயம் போட வேண்டாம். சொந்தக்காரச் செடி என்பதால் குணமும் ஒன்று என்று ஆகிவிடாது.

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இங்கே வந்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டு வேலியோரம் இந்தச் செடி பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பூச்சி வந்தது, இதழின் அடியில் ரோமம் இருக்கிறதா, எந்தச் செடியிலாவது நிறம் மாறி வந்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு நாற்று வித்தியாசமாகத் தெரிந்தால் பூக்கிறவரை பிடுங்க வேண்டாம் என்று களையெடுக்க வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.